அசோகன் எந்தப் பக்கம்?

ஸ்ரீராம்புரத்தில் தெரு கூட்டும் வேலையில் அசோகனுக்கு இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. பெண்டாட்டி செத்தபின் சங்க ஆபீஸ்தான் அவனுக்கு வீடு மாதிரி. செயலாளர் ஆம்ப்ரோஸோடு கொடி பிடித்தான், போலீஸ் வேனில் ஏறினான். "நாம லெஃப்ட்டுடா" என்று ஆம்ப்ரோஸ் தோளில் கை போடும்போது, சொந்தக்காரர்கள் கிடைத்துவிட்டதுபோல் இருக்கும்.

போன வருஷம், ஒப்பந்த வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி ஸ்ட்ரைக். ஐந்தாம் நாள் பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் குப்பை இடுப்பளவுக்கு ஏறிவிட்டது. பச்சைக் குழந்தையைத் துணியில் பொத்திக்கொண்டு ஒரு பெண் அதைத் தாண்ட முடியாமல் நின்றாள். அசோகன் மண்வெட்டி எடுத்து வந்து வழி மட்டும் ஒதுக்கிக் கொடுத்தான். அதை யாரோ போட்டோ எடுத்துவிட்டார்கள்.

"ஸ்ட்ரைக்கை உடைச்சிட்டியேடா. எப்போ ரைட்டுக்குப் போன?" என்றார் ஆம்ப்ரோஸ்.

"ஆஸ்பத்திரிண்ணே. வழிதான் விட்டேன்."

"இந்தப் பக்கம் இல்லேன்னா அந்தப் பக்கம்தான். நடுவுல யாரும் நிக்க முடியாது."

மறுவாரமே அந்தப் பக்கத்துக்காரர்கள் தேடி வந்தார்கள். மேடையேற்றி, சால்வை போட்டு, "நம்ம ஆளு" என்றார்கள். மைக் கைக்கு வந்ததும் அசோகன் அந்த ஊர்ப் பாஷையான கன்னடத்தில், ஸ்ட்ரைக் நியாயம்தான், எல்லாரையும் நிரந்தரமாக்க வேண்டும் என்றான். மைக் அணைந்தது. "லெஃப்ட்டு புத்தி எங்க போகும்?" என்று ஒருத்தர் சால்வையை உருவிக்கொண்டார்.

அப்புறம் டீக்கடையில் அவன் நுழைந்தாலே பேச்சு நின்றுபோனது. கூட்டுவதற்கு ஜோடி சேர ஆளில்லை; தெரு முழுவதையும் தனியாகவே கூட்டினான். ஒருநாள் சாயங்காலம் கடையில் பால் கேட்டபோது குரல் கரகரத்தது. காலையிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இந்த வருஷம் நிரந்தர ஆணை வந்துவிட்டது. அதிகாரி பெயர் கூப்பிட்டு ஹாலில் கொடுத்தார். அசோகன் வாங்கிக்கொண்டு இறங்கும்போது படியருகே ஆம்ப்ரோஸ் நின்றார்.

"லிஸ்ட்டுல உன் பேரை விட்டிருந்தாங்க. நான்தான் எழுதிக் கொடுத்தேன்."

"ஏண்ணே?"

"இத்தனை வருஷம் கூட்டினது பொய்யில்லையே."

இன்னும் ஏதாவது சொல்வார் என்று அசோகன் காத்திருந்தான். அதற்குள் சங்கத்தார் போட்டோவுக்குக் கூப்பிட, ஆம்ப்ரோஸ் போய் நடுவில் நின்றுகொண்டார். வா என்று யாரும் சொல்லவில்லை. போட்டோ எடுத்து முடிக்கும்வரை அசோகன் ஓரமாக நின்றான்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், அந்தக் கன்னட ஆணையைச் சத்தமாகப் படித்தான். தன் பெயர் வந்த வரியை மட்டும் இரண்டு தடவை.