நாக்கு படித்த பாடம்

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலத்தில் என் நைனா அங்கே மீன் கொடுத்துவந்தார். ஓலையும் எழுத்தாணியுமாக நிழலில் உட்கார்ந்திருக்கும் ஆட்களைத் தினமும் பார்த்துப் பார்த்து, தம் பிள்ளைகளில் ஒருவனாவது வெயிலில் காயக்கூடாது என்று முடிவு செய்தார். அண்ணன் அதற்குள் வலை இழுக்கப் போய்விட்டதால் அந்த அதிர்ஷ்டம் எனக்கு வாய்த்தது.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ராகம் போட்டுச் சொல்வதை ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே ஒப்பித்துவிடுவேன். வீட்டில் ஓலையைப் பிடித்துக்கொண்டு நான் ஓதும்போது நைனா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

ஒருநாள் வாத்தியார் ஓலையைத் தலைகீழாகக் கொடுத்தார். நான் அதையும் கடகடவென்று ஓதி முடித்தேன். அவர் அடிக்கவில்லை. நைனாவுக்கு ஆள் அனுப்பி வரவழைத்தார்.

"உன் புள்ளைக்கு நாக்குதான் படிக்குது, கண்ணு படிக்கலை. அமாவாசை வரிக்கும் பாக்கறேன். அப்புறம் நீ படகுக்கே இட்டுக்கினு போ."

வீட்டுக்கு வந்ததும் நைனா அதை எல்லார் முன்னாலும் சொன்னார்.

அண்ணனுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. அண்ணி என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். எழுத்து வாசனையே கிடையாது. மறுநாள் மீனை மணலில் காயப்போட்டுவிட்டு, காக்கை ஓட்டும் கோலை என்னிடம் நீட்டினாள்.

"தம்பி, எனக்கும் நாலு எழுத்து சொல்லிக் குடேன்."

"உனக்கு இன்னாத்துக்கு அண்ணி?"

"சும்மாதான். பொழுது போவணும் இல்ல."

மணலில் எழுதிக் காட்டி ராகத்தோடு ஆரம்பித்தேன். அவள் கையசைத்து நிறுத்தினாள். "பாட்டு வேணாம். இது இன்னா? அது இன்னா?" என்று நடுவிலிருந்தும் கடைசியிலிருந்தும் கேட்டாள். ராகம் இல்லாமல் எனக்கே தெரியவில்லை. அதை அவளிடம் சொல்ல முடியுமா? மறுநாள் முதல் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரின் வாயைப் பார்ப்பதை விட்டு ஓலையைப் பார்த்தேன். சாயங்காலம் அண்ணிக்குச் சொல்ல வேண்டுமே.

அண்ணியோ மகா மந்தம். "இதுக்கு மூணு சுழியா, ரெண்டு சுழியா? மறந்து பூட்டேன் தம்பி" என்பாள். நானும் பெரிய மனது பண்ணி மறுபடி எழுதிக் காட்டுவேன்.

அமாவாசையன்று வாத்தியார் நான் பார்த்தேயிராத ஓர் ஓலையைக் கொடுத்தார். 'வ' என்றேன். அடுத்தது 'லை'. சட்டென்று அது வலை ஆயிற்று. எங்கள் வாசலில் காய்கிற அதே வலை. ஓலையில் இருப்பது வெறும் ஓசை என்றே அதுவரை நினைத்திருந்தேன். வாத்தியார், கூட வந்திருந்த நைனாவைப் பார்த்து, "இருக்கட்டும்" என்றார்.

அன்று நைனா நல்ல இறாலாகப் பார்த்து, விற்காமல் வீட்டுக்கே கொண்டுவந்தார்.

"அண்ணிக்குத்தான் மண்டையில ஒண்ணும் ஏறலை நைனா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்துக்கொண்டே இறாலை உரித்தாள்.

அண்ணி தினமும் மறந்துபோனவை, முந்தின நாள் நான் தடுமாறிய எழுத்துகள் மட்டுமே என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.