பெட்டிக்காரர் தேய்த்த தழை

முப்பத்தொரு வருஷமாக இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிறவர் என்பதால் அந்தத் தெருவில் அவருக்குப் பெட்டிக்காரர் என்றே பேர். அடையாள அட்டையில் வேறொரு பேர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

வீட்டின் முன் அறைதான் கடை. ஒரு நீள மேஜை, அதன்மேல் நாலாக மடித்த கம்பளி, கம்பளிமேல் ஒரு பழைய வெள்ளை விரிப்பு. சிரித்துப் பேசி வியாபாரம் செய்கிற ஆள் இல்லை. "நாளைக்கு வா" என்பதற்குமேல் வாயிலிருந்து வராது. ஆனால் பொத்தான் விட்டுப்போன சட்டை வந்தால் தைத்துத்தான் திருப்பிக் கொடுப்பார். யாராவது நன்றி சொல்ல வந்தால், "அது அப்படியேதான் வந்துச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அவர் சம்சாரம் பதினெட்டு வருஷமாக ஒரு பிரெஞ்சுச் சாப்பாட்டுக் கடையில் சமையல். சட்டியில் வெங்காயம் பதம் தாண்டுகிறது என்று பக்கத்து அறையில் இருந்தபடியே சொல்லிவிடும் மூக்கு அவளுக்கு. சூப்பிலும் உருளைக்கிழங்கிலும் கோழியிலும் பிரெஞ்சுக்காரர்கள் தூவுகிற காய்ந்த தழைத்தூளை அந்தக் கடைக்கு அவள்தான் வருஷம் முழுக்கச் செய்து கொடுத்தாள். சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது அந்த மணம் அவள் தலைமுடியிலேயே ஏறி வரும். தெருமுனையில் அவள் திரும்பியதும் பெட்டிக்காரருக்குத் தெரிந்துவிடும். தலையைத் தூக்காமல் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு டீக்குத் தண்ணீர் வைக்கப் போவார்.

ஐந்து மாசத்துக்கு முன்னால் வந்த காய்ச்சல் அந்த மூக்கைக் கொண்டுபோய்விட்டது. காய்ச்சல் போன பிறகும் மூக்கு திரும்பவில்லை. ரொட்டியும் முட்டையும் அட்டையைத் தின்பதுபோல இருக்கிறது என்று தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். கடை முதலாளியம்மா நல்லவள். "உன் இடத்துல யாரையும் போடல, மூக்கு வந்ததும் வா" என்றாள். அது எப்போது வரும் என்று கேட்டால் டாக்டருக்கே தெரியவில்லை. "பழகின வாசனையா எடுத்துக் காலையில சாயங்காலம் மோந்து பாக்கட்டும். வரலாம், வராமலும் போகலாம்" என்றார்.

காப்பித்தூள், சோப்பு, வினிகர் என்று இரண்டு மாசம் மோந்து பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

"காலி டப்பாவை மோந்து பாக்கறதுக்கு ரெண்டு வேளை எதுக்கு?" என்றாள். அன்றிலிருந்து அடுப்பங்கரைப் பக்கமே போவதில்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கிற மகள்தான் சமையல்.

பழகின வாசனை என்றால் அந்தத் தழைத்தூளைவிட அவளுக்குப் பழகினது எது என்று பெட்டிக்காரருக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. கடைத்தெருவில் ஒரு புட்டி வாங்கித் திறந்து பார்த்தார். அலமாரிக்கு அடியில் பெருக்கின தூசி மாதிரி இருந்தது. தூக்கிப் போட்டார். பின்பக்க ஜன்னலில் அவள் வைத்த தொட்டிகள் இருந்தன. தைம், ரோஸ்மேரி, மார்ஜோரம், ஊதாப் பூவோடு லாவெண்டர். மகள் தண்ணீர் ஊற்றி வந்ததால் எல்லாம் தழைத்துக் கிடந்தன. செய்முறையும் கைக்கெட்டும் தூரத்தில்தான். அடுப்பங்கரை அலமாரிக் கதவின் உள்பக்கம் அவள் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தாள்.

அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்த ஒரு நாள், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தார். 'மூன்று பங்கு தைம், இரண்டு பங்கு மார்ஜோரம், ஒரு பங்கு ரோஸ்மேரி. லாவெண்டர் பூ ஒரு சிட்டிகை. சின்னச் சின்னக் கட்டாகக் கட்டி, இருட்டான காற்றோட்டமான இடத்தில் பதினாலு நாள் தலைகீழாகத் தொங்கவிடவும்.'

பதினாலு நாளா. சொட்டச் சொட்ட நனைந்த கம்பளிக் கோட்டையே கால்மணி நேரத்தில் காயவைக்கிற மனுஷன் அவர். பெட்டி வைத்தால் போகாத ஈரம் எது? இதைப் போய் ரெண்டு வாரம் கயிற்றில் தொங்கவிடுவதாவது. அப்புறம் அந்தச் சிட்டிகை. சொந்த வீட்டுக்குச் செய்கிறபோது இப்படியா கஞ்சத்தனம் பிடிப்பது? பூவை ஒரு கை நிறையக் கிள்ளிக்கொண்டார்.

பெட்டியைப் பட்டுக்கு வைக்கிற சூட்டில் வைத்தார். விரிப்பில் ஒரு பாதியில் தழையைப் பரப்பினார், மறுபாதியை மேலே மடித்துப் போட்டார், அழுத்தித் தேய்த்தார். எடுத்துப் பார்த்தால் பச்சை மாறாமல் தகடு தகடாக, காகிதம்போல மொறமொறவென்று காய்ந்திருந்தது. அறை முழுக்க மணம். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. மதியத்துக்குள் எல்லாவற்றையும் உதிர்த்துக் கலந்து கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடினார். பிறகு அதே விரிப்பில் நாலைந்து சட்டைகளும் தேய்த்து முடித்தார்.

சாயங்காலம் அவள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் புட்டியை நீட்டினார்.

"என்னங்க இது?"

"திறந்து பாரு."

திறந்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணை மூடி இழுத்தாள். மறுபடி இழுத்தாள். அவள் மெல்ல மூடியைத் திருகி மூடினாள்.

"நல்ல பச்சையா இருக்குங்க" என்றாள்.

ஒன்றும் வரவில்லை என்று கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவர் மனசு நோகக்கூடாதென்று நிறத்தைப் பாராட்டினாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. மேஜைக்குப் போய், தேய்த்து வைத்த சட்டையையே எடுத்து மறுபடி தேய்த்தார்.

மகள் வேலை முடிந்து வந்து புட்டியைத் திறந்தாள்.

"அப்பா, இதுல என்ன போட்டீங்க?"

"உங்கம்மா எழுதினதுதான்."

"ஒண்ணுமே மணக்கலையே. காஞ்ச புல்லாட்டம் இருக்கு."

"உனக்குமா ஜலதோஷம்?"

"எனக்கு என்ன? நீங்களே பாருங்க."

பார்த்தார். புல்தான். நாள் முழுக்க அந்த மணத்துக்குள்ளேயே நின்றதில், மணம் புட்டிக்குள்தான் இருக்கிறது என்று நினைத்துவிட்டார். மோந்துகூடப் பார்க்காமல் மூடியிருக்கிறார். அப்படியானால் குற்றம் அவள் மூக்கில் இல்லை. சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியாமல் நிற்கும்போது எதிர்வீட்டு வாத்தியார் வந்தார், காலையில் கொடுத்த சட்டைக்கு. வாங்கி மடிப்பைப் பார்த்தவர் காலரை மோந்தார்.

"என்னய்யா, சட்டையை சூப்புல முக்கி எடுத்தியா?"

"பிடிக்கலன்னா குடுத்துட்டுப் போ."

"பிடிக்கலன்னு யாரு சொன்னா? பசிக்குது, அதான் கேட்டேன்."

பேச்சுக் கேட்டு உள்ளேயிருந்து வந்த சம்சாரம் மேஜையைப் பார்த்தாள். வெள்ளை விரிப்பு முழுக்கப் பச்சைக் கறை.

"அய்ய, இதுலயா தழையை வச்சுத் தேச்சீங்க? யாராவது தழையைத் தேய்ப்பாங்களா? சூட்டுல மணமெல்லாம் துணிக்கில்ல போயிரும்" என்று விரிப்பை வெடுக்கென்று உருவிச் சுருட்டினாள். சூடு ஆறாத துணி. சுருட்டி மார்போடு அணைத்துத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

முகத்தைத் துணிக்குள் புதைத்தாள். தோள் மட்டும் ஏறி இறங்கியது. வாத்தியார் சட்டையும் கையுமாக ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லாவெண்டர் எவ்வளவு போட்டீங்க?" துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஒரு கை."

"ஒரு கையா. சிட்டிகைன்னு எழுதி வச்சிருக்கேன்ல? சோப்புக் கடையாட்டம் அதுதான் முன்னால நிக்குது. பின்னாடி எங்கியோ தைம் வருது, லேசா." முகத்தைத் தூக்கினாள். கண் நிறைந்திருந்தது. "தைம்தாங்க அது."

பெட்டிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அது அப்படியேதான் வந்துச்சு" என்றார்.

தொட்டிகளில் மிச்சமிருந்த தழையை அவளே அறுத்தாள். துணி மூட்டைக்குக் கட்டுகிற அவருடைய நூலை எடுத்துச் சின்னக் கட்டுகளாகக் கட்டி, உள் அறையில் பீரோவுக்குப் பின்னால் இருட்டில் ஆணியடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டாள்.

"பதினாலு நாளு. அதுவரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வந்தீங்க, கையை உடைச்சிருவேன்."

விரிப்பை மட்டும் துவைக்க விடவில்லை. தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு இரண்டு வேளையும் மோந்தாள். அதில் மணம் முழுக்கப் போவதற்குள் ஆணியில் தொங்கினது காய்ந்துவிட்டது. காம்பை ஒடித்தால் டக்கென்று சத்தம் கேட்டது. தரையில் காகிதம் விரித்து மூன்று பேரும் உட்கார்ந்து உருவினார்கள். லாவெண்டரை அவர் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துக்கொண்டாள்.

மூக்கு ஒரேயடியாக வந்துவிடவில்லை. காப்பி இன்னும் வரவில்லை. வெங்காயம் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. ஆனாலும் மூன்றாம் மாசம் புட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். பதம் பார்க்க ஒரு பெண்ணைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு சமைக்கிறாளாம்.

அவள் வேலைக்குப் போன முதல் நாள் சாயங்காலம் வாத்தியார் கடையில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டிக்காரர் தெருப்பக்கம் ஒரு தடவை மோந்துவிட்டு, பாதிச் சட்டையில் பெட்டியை நிமிர்த்தி வைத்துச் சுவிட்சை அணைத்தார்.

"என்னய்யா, சட்டை?"

"நாளைக்கு வா" என்று சொல்லிவிட்டு டீக்குத் தண்ணீர் வைக்க உள்ளே போனார்.