ஆயில் குடிக்காத கார்

விஜயா அக்கா இறந்துவிட்ட செய்தி எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. அதற்கு மேலே, குப்பை வண்டி இன்று வராது என்று ஒரு தகவல். அதற்குக் கீழே, செய்தியைப் படிக்காமல் யாரோ அனுப்பிய காலை வணக்கமும் ஒரு ரோஜாப்பூவும். நடுவில் அவருடைய மகன் சரவணன் எழுதிய ஒற்றை வரி: "அம்மா இன்று காலை ஆஸ்பத்திரியில் தவறிவிட்டார்கள்." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தேன். பிறகு சமையலறைக்குப் போய் என் மனைவி மாலதியிடம் சொன்னேன். "கார் வந்துடுச்சே," என்றாள் அவள். காலையில் கோலம் போடும்போது அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அவருடைய கார் அவர் வாசலில் நின்றதைப் பார்த்து, அவர் குணமாகி வீடு திரும்பிவிட்டார் என்று நினைத்திருக்கிறாள். சரவணன் மாற்றுத் துணி எடுக்க வந்தபோது நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான்.

முடிச்சூரில் எங்கள் தெருவில் குடியிருந்தவர்களுக்கு அக்காவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் எல்லாரும் மனை வாங்கி வந்து குடியேறியவர்கள். அக்காவின் குடும்பம் இங்கே பயிர் வைத்த குடும்பம். எங்கள் வீடுகள் நிற்கும் மண்ணில் பாதி அவர்களுடையதாக இருந்ததுதான். கடைசித் துண்டு நிலத்தை விற்றபோது ஒரு சின்ன வெள்ளை கார் வாங்கினார்கள். வாங்கிய கொஞ்ச காலத்தில் கணவர் போய்விட்டார். சொந்தக்காரர்கள் காரை விற்றுவிடச் சொன்னார்கள். அக்கா ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. பின்னால் ஒரு தலையணை வைத்துக்கொண்டு, ஸ்டீயரிங்கை நெஞ்சோடு அணைத்தபடி ஜி.எஸ்.டி. ரோட்டில் அவர் போவதைப் பார்த்து முதலில் சிரித்தவர்களில் நானும் ஒருவன். பிறகு அதே காரில் ஏறி ஊர் சுற்றியவர்களிலும் ஒருவன்.

"இன்னா சார், சும்மாதானே கீறீங்க? ஏறுங்க," என்பார். நாம் எங்கே போகிறோம் என்று கேட்பது அதற்குப் பிறகுதான். தாம்பரம் ஸ்டேஷன், குரோம்பேட்டை ஆஸ்பத்திரி, குன்றத்தூர் மலையடிவாரம் என்று அந்த கார் போகாத இடமில்லை. பெட்ரோலுக்கு என்று பணத்தை நீட்டினால் முகம் மாறிவிடும். "நான் இன்னா டாக்ஸியா ஓட்டுறேன்?" என்பார். பணம் வேண்டாம் என்றால் பழமாவது கொடுக்கலாமே என்று நினைப்போம். ஒரு பை கொய்யா கொடுத்தால் மறுநாள் அதே பையில் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் வழியும். அவருக்கு ஒரு நன்றியைச் செலுத்திவிட்டு வீடு வந்து சேர்ந்தவர் எங்கள் தெருவில் யாருமில்லை.

வெள்ளம் வந்த வருடம் கார் ஸ்டீயரிங் வரை முழுகியது. இன்ஜினைக் கழற்றிச் சுத்தம் செய்து ஓட வைத்தார்கள். ஆனால் முன்பக்கத்து போனெட்டை உள்ளேயிருந்து திறக்கும் கேபிள் துருப்பிடித்து அறுந்துபோனது. மெக்கானிக் மணி ஒரு கம்பியை வெளியே நீட்டி விட்டார். அதை இழுத்தால் யார் வேண்டுமானாலும் திறக்கலாம். பெட்ரோல் மூடிக்குச் சாவி உண்டு, போனெட்டுக்குக் கிடையாது. இந்தச் சின்ன விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவின் புத்திசாலித்தனம் முழுவதும் அந்தக் கம்பியில்தான் தொங்கியது.

காருக்குப் பதினைந்து வயது முடிந்தது. எஃப்.சி. எடுத்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு முன் புகைப் பரிசோதனையில் தேற வேண்டும். சிறுசேரியில் வேலை செய்யும் சரவணன் அங்கேயே அடுக்குமாடியில் வீடு வாங்கியிருந்தான். அம்மா தனியாக இருப்பதும், அறுபதைத் தாண்டிய பிறகும் கார் ஓட்டுவதும் அவனுக்குக் கவலை. அவன் கெட்ட பிள்ளை அல்ல, பயந்த பிள்ளை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் எல்லார் காதிலும் விழும்படி பேச்சு முடிந்தது. "இந்த ஒரு தடவை எஃப்.சி. எடுத்துட்டா நான் வாயே திறக்க மாட்டேன். எடுக்கலைன்னா வண்டி உடைக்கப் போகுது, நீ என்கூட வர்ற," என்றான். அக்கா ஒத்துக்கொண்டார். அவன் போன பிறகு என்னிடம் சொன்னார்: "பன்னெண்டாவது மாடியில குந்திகினு நான் யாருக்கு சார் கதவு தொறக்கறது?"

பரிசோதனைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். துணைக்கு அல்ல, சாட்சிக்கு. "பாஸ் ஆயிட்சின்னா அவன் நம்ப மாட்டான். நீங்கதான் சொல்லணும்," என்றார். இரும்புலியூர் பக்கம் சாலையோரம் ஒரு வேனில் பரிசோதனை நடக்கும். வேனில் இருந்த இளைஞர் குழாயைப் புகைபோக்கிக்குள் விட்டு, ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னார். காரின் பின்னால் நீலம் கலந்த வெள்ளைப் புகை எழுந்தது. பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரோடு நகர்ந்துகொண்டார்கள். திரையில் எண்கள் ஏறிய வேகத்தைப் பார்த்தபோது எனக்கே புரிந்துவிட்டது.

"ஃபெயில்க்கா," என்றார் அவர். அக்காவின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி, "வேற ஒரு எடம் கீது. வண்டிய நிறுத்தி போட்டோ மட்டும் எடுப்பாங்க. சர்டிபிகேட் வந்துடும். போன் பண்ணட்டா?" என்றார்.

எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. எல்லாரும் செய்வதுதானே என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டார். "பொய்யா பாஸ் பண்ணிட்டு நான் அவன்கிட்ட எப்படிப்பா சண்டை போடுறது?"

அவர் நேர்மைக்காக அப்படிச் சொன்னார் என்று இரங்கல் கூட்டத்தில் ஒருவர் பேசினார். நான் பக்கத்தில் இருந்தவன், அப்படிச் சொல்ல மாட்டேன். மகனோடு வாய்ச்சண்டையில் ஜெயிக்க வேண்டும், அதற்குக் கையில் நிஜமான சரக்கு வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை. அந்த வீம்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று திரும்பி வரும்போது அவர் இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். டீக்கடையில் நின்ற தெருக்காரர் யாரோ சரவணனுக்குப் புகையை வீடியோ எடுத்து அனுப்பிவிட்டார்கள் போல. நாங்கள் வீடு வருவதற்குள் அவன் போன் வந்தது. "இன்ஜின் போச்சும்மா, விடு," என்றான். அக்கா போனை அணைத்துவிட்டு, காரை நேராக மணியின் கொட்டகைக்கு விட்டார்.

மணி போனெட்டைத் திறந்தார். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்க வேண்டிய ஆயில், மேல் கோட்டையெல்லாம் தாண்டி எங்கேயோ நின்றது.

"இன்னாக்கா இது, கொளம் மாதிரி ஆயிலு நிக்குது? யாரு ஊத்துனது?"

"யாரும் ஊத்தல. என் வண்டி ஆயிலே குடிக்காது, தெரியுமில்ல?"

ஆயில் குடிக்காத கார் என்பது அக்காவின் நெடுநாள் பெருமை. எப்போது பார்த்தாலும் அளவு குறையாமல் இருக்கும் என்று வருவோர் போவோரிடம் எல்லாம் சொல்வார். அந்தத் தைரியத்தில்தான் சர்வீஸையும் தள்ளிப்போட்டிருந்தார்.

"குடிக்காம இருக்கலாம்க்கா. தானா ஏறுமா?" என்றார் மணி. ஆயில் அளவுக்கு மேல் போனால் அது எரியும் இடத்துக்குள் புகுந்து, பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து, புகையாக வெளியே வரும் என்று விளக்கினார். இன்ஜினுக்கு ஒன்றுமில்லை, ஆயிலை இறக்கிவிட்டுப் புதிதாக அளவோடு ஊற்றினால் சரியாகிவிடும் என்றும் சொன்னார். யார் ஊற்றினார்கள் என்பது மட்டும் புரியவில்லை. எதிரிகள் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டார்.

மதியம் சாப்பிடும்போது இந்த மர்மத்தை மாலதியிடம் சொன்னேன். அவள் ரசத்தை என் இலையில் ஊற்றிக்கொண்டிருந்தவள், கரண்டியை நிறுத்தினாள். "நான் கொஞ்சம்தான் ஊத்தினேன்," என்றாள்.

காசும் வாங்க மாட்டார், பழமும் திரும்பி வரும். என்ன செய்வது என்று யோசித்து, அக்கா குளிக்கப் போகும் நேரத்தில் அந்தக் கம்பியை இழுத்து அவ்வப்போது ஊற்றியிருக்கிறாள். ஒவ்வொரு கிருத்திகைக்கும் குன்றத்தூர் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு அவளால் முடிந்தது. ஆயில் வாங்கியது யூசுப் பாயின் உதிரிபாகக் கடையில். எங்கள் வீட்டு ஸ்கூட்டருக்கு என்று நினைத்து அவரும் கொடுத்திருக்கிறார். இதைக் கேட்க அவர் கடைக்குப் போனால், பாய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். "சார், நானும் ஊத்தினேன்," என்றார். அவருடைய அம்மாவைக் கண் ஆபரேஷனுக்கு அக்காதான் அலைந்து கூட்டிப்போனார். எங்கள் மாடியில் குடியிருப்பவர்களும் ஊற்றியிருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. ஒருவருக்குத் தெரியாமல் ஒருவராக, தெருவே அந்த காருக்கு ஆயில் அபிஷேகம் செய்திருக்கிறது.

மாலையில் நானும் மாலதியும் பாயும் அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னோம். அக்கா சிரித்துவிடுவார் என்று நினைத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"அப்போ யாரும் சும்மா வர்ல. டிக்கெட் எடுத்துகினுதான் வந்தீங்க. எனக்குத்தான் தெரியல," என்றார். "ஒருத்தி இட்டுகினு போனா, சும்மா வந்து குந்த முடியாதா உங்களால? அவ்ளோ கஷ்டமாவா கீது?"

பாய் தலையைக் குனிந்துகொண்டார். மாலதி குனியவில்லை. "நீங்க மட்டும் என்னவாம்?" என்றாள். "ஒரு கொய்யாப்பழம் குடுத்தா சும்மா வாங்கிக்கிறீங்களா? மறுநாளே ஒரு மூட்டை காய் வந்துடுது. உங்களுக்குக் குடுக்கணும்னு எங்களுக்கு ஆசை இருக்காதாக்கா?"

அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் மணியிடம் சொல்லி போனெட்டுக்குப் பூட்டு போட வைத்தார்.

கார் அடுத்த பரிசோதனையில் தேறியது. அன்றும் நான்தான் சாட்சி. பதிவும் புதுப்பிக்கப்பட்டது. சரவணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், அக்கா முடிச்சூரிலேயே இருந்தார். ஆனால் ஜெயித்தவரின் சந்தோஷம் அவரிடம் இல்லை. காரைத் தனியாக எடுத்துக்கொண்டு போவார், தனியாக வருவார். நடந்து போகிறவர்களைத் தாண்டிப் போகும்போது ஹாரன் மட்டும் அடிப்பார். எங்களுக்கும் ஏறிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

அடுத்த கிருத்திகையன்று எங்கள் வாசலில் ஹாரன் நிற்காமல் ஒலித்தது. "மாலதி, குன்றத்தூருக்குப் போறேன். கைய வீசிகினு வா. ஒண்ணும் எடுத்துகினு வராதே," என்று காரிலிருந்தே கத்தினார். மாலதி பர்ஸைக்கூட வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்ததும், நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கி வந்துவிட்டாள். அது அவளுக்கு மலை ஏறியதைவிடக் கஷ்டமாக இருந்ததாம். நாலைந்து நாள் கழித்து, காரணம் எதுவும் இல்லாமல், எங்கள் மரத்துக் கொய்யாவை ஒரு பையில் போட்டு அக்காவுக்குக் கொடுத்தனுப்பினாள். மறுநாள் பை திரும்பி வந்தது. உள்ளே ஒரு பச்சை மிளகாய்கூட இல்லை. மாலதி அந்தக் காலிப் பையை ஒருமுறை உதறிப் பார்த்துவிட்டு மடித்து வைத்தாள்.

அதன்பிறகு கார் பழையபடி நிரம்பியது. கடைசிவரை நிரம்பியே ஓடியது.

அக்காவுக்கு நெஞ்சு வலி வந்த அன்று சரவணன் இங்கே வந்திருந்தான். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் அம்மாவை அந்த காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழியெல்லாம் அவர் வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். "கிளட்ச்ச முழுசா மிதிடா, வண்டி அழுவுது பாரு," என்று திட்டிக்கொண்டே வந்தாராம். இதை மயானத்தில் என் பக்கத்தில் நின்று சொன்னான். நான் தலையாட்டினேன். அங்கே எனக்கு அழுகை வரவில்லை. சடங்குகளையும், யார் யார் வந்திருக்கிறார்கள் என்பதையும் கவனித்துக்கொண்டிருந்தேன்.

காரியங்கள் முடிந்து சில நாட்கள் ஆன பிறகு சரவணன் வந்து கூப்பிட்டான். புகைச் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. காரை உடைக்கக் கொடுக்கப்போவதில்லை, தானே வைத்துக்கொள்ளப்போவதாகச் சொன்னான். "தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு சார்," என்றான். போனோம். கார் தேறியது. திரும்பி வந்து என் வாசலில் நிறுத்தினான்.

அக்காவிடமிருந்து என்ன வைத்திருக்கிறேன் என்று கேட்டால், சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுதான் இருக்கிறது. முன்பெல்லாம் யாராவது எனக்கு ஏதாவது செய்தால், அடுத்த நிமிடமே பதிலுக்கு எதையாவது செய்து அவரை அனுப்பிவிடப் பார்ப்பேன். அதை மரியாதை என்று நினைத்திருந்தேன். ஆளை வாசலோடு நிறுத்திவிடும் வழி அது என்பதை அன்று அக்காவின் கேட்டருகே நின்றபோது தெரிந்துகொண்டேன்.

சரவணன் காரை வாசலில் நிறுத்தியபோதும் வாய் வரை வந்துவிட்டது. உள்ளே வாப்பா, காபி குடித்துவிட்டுப் போ, உனக்கு எவ்வளவு சிரமம் என்றெல்லாம். ஒன்றையும் சொல்லவில்லை. "வரேம்பா," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். அவன் சிரித்துக்கொண்டே கையை ஆட்டிவிட்டுப் போனான். உள்ளே வந்து உட்கார்ந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அழுதேன்.