ஞாயிறுதோறும் விழுந்த சர்வர்

போன ஞாயிற்றுக்கிழமை என் சர்வர் விழவில்லை.

காலை எட்டு மணியிலிருந்து திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு எரர் கிடையாது. சர்வரைப் பராமரிக்கிறவன் இப்படி ஒரு நாளுக்காகத் தவம் கிடப்பான். நானோ அடிக்காத போனை அடிக்கொருதரம் எடுத்துப் பார்த்தேன்.

'என்னடா இவன், போன வாரம் இந்தப் பத்தியில் பிளம்பரைத் திட்டினான், இந்த வாரம் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுகிறான்' என்று நினைக்கிறீர்களா? நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த வாரம் திட்டு வாங்க வேண்டியவன் நான்தான்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூர் கம்பெனி ஒன்றுக்கு முப்பது வருடம் புரோகிராம் எழுதிவிட்டு, ஓய்வு பெற்று, கெடா மாநிலத்துப் பாக்கார் ஆராங்கில் ஒரு வரிசை வீட்டில் இருக்கிறேன். ஓய்வு என்று பெயர்தான். நான் எழுதிய ஒரு சிஸ்டத்தை மட்டும், "இத நீங்களே பாத்துக்குங்க சார், வேற யாருக்கும் புரியல" என்று என் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

செர்டாங் பக்கம் உள்ள ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் சிஸ்டம் அது. பழக்குலை ஏற்றிவரும் லோரி முதலில் சுமையோடு எடைப்பாலத்தில் ஏறும். எங்கள் ஊர்ப் பேச்சில் டிம்பாங். கிராணி, அதாவது அங்கே எடை எழுதும் குமாஸ்தா, கம்ப்யூட்டரில் ஒரு சீட்டைத் திறப்பார். லோரி உள்ளே போய்ப் பழத்தைக் கொட்டிவிட்டு வெறுமையாகத் திரும்பி வந்து மறுபடி எடை போடும். சீட்டு மூடப்படும். இவ்வளவுதான் விஷயம். இதற்குள் என்ன கோளாறு வந்துவிடப் போகிறது?

வந்தது. ஞாயிறுதோறும் காலை பத்து மணி வாக்கில் திரை அப்படியே உறைந்துவிடும். டிம்பாங்கிலிருந்து பெரிய ரோடு வரைக்கும் லோரிகள் வரிசை கட்டி நிற்கும். பழமோ வெயிலில் நிற்க நிற்க கெட்டுக்கொண்டே போகும் சரக்கு.

கெடாவில் விடுமுறை வெள்ளியும் சனியும்; வாரமே ஞாயிற்றுக்கிழமைதானே பிறக்கிறது! கோலாலம்பூர் ஆபீஸ் அன்றைக்கு இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கும். ஆகவே ஆலையிலிருந்து வரும் போன் நேராக எனக்குத்தான்.

"அண்ணே, மறுபடியும் படுத்துருச்சு லா!"

இது தேவகி. எடைப்பாலத்துக் கிராணி. பெயரை மாற்றியிருக்கிறேன். நாற்பது வயதைத் தாண்டியவள் என்று நினைக்கிறேன் — நேரில் பார்த்ததே இல்லை, குரல்தான் பழக்கம். வீடு ஆலைக்குப் பின்னாலேயே. கணவருக்கு ஸ்ட்ரோக் வந்து படுக்கையில் இருக்கிறார். மத்தியானம் பன்னிரண்டுக்கு ஓடிப்போய் அவருக்குச் சோறு ஊட்டிவிட்டு, பத்து நிமிடத்தில் நாற்காலிக்குத் திரும்பிவிடுவாள்.

"இருங்கம்மா, ரீஸ்டார்ட் பண்றேன்" என்பேன்.

"சரிண்ணே. பசியாறிட்டீங்களா?"

அந்த ஒரு கேள்வியில்தான் என் புத்தி கெட்டது. கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

என் மனைவி சரசு மகளின் பிரசவத்துக்காக மெல்பர்ன் போனாள். மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். குழந்தை பிறந்தது, குப்புற விழுந்தது, தவழ்ந்தது, இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. சரசு அங்கேயேதான் இருக்கிறாள். வீடியோ கால் உண்டு. திரை முழுக்கப் பேரன் முகம், அதன் பின்னால் எங்கேயோ அவள் குரல். "எல்லாம் ஓகேதானே?" என்பாள். "எல்லாம் ஓகே" என்பேன். பேரன் டாட்டா காட்டுவான். முடிந்தது.

மற்ற நாட்களில்? கடையில் போய், "ஒரு நாசி லெமாக், புங்குஸ்" என்பேன். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் அன்றைய பேச்சு அவ்வளவுதான். மறுநாள் வேறு கடையில் அதே வசனம். ஒருமுறை சாயங்காலம் இருமினேன் — என் குரலைக் கேட்டு எனக்கே திக்கென்றது. சிரிக்காதீர்கள். இருந்து பார்த்தால் தெரியும்.

அப்படிப்பட்டவனிடம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருத்தி 'பசியாறிட்டீங்களா?' என்று கேட்கிறாள். பதிலுக்கும் காத்திருக்கிறாள்! ரீஸ்டார்ட் ஆகும்வரை பேசிக்கொண்டிருப்போம். குரங்கு வந்து அவளுடைய பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு போன கதை, புது மேனேஜர் பூசிக்கொண்டு வரும் சென்ட்டின் கதை, பாசாரில் நண்டு வாங்கப் போய் கை கடிபட்ட கதை...

ரீஸ்டார்ட் ஆவதற்கு நாலு நிமிடம் போதும். நான் இருபது நிமிடம் என்று சொல்லி வைத்திருந்தேன்.

ஆமாம். இதுதான் முதல் குற்றம். பெரியது இனிமேல்தான்.

சர்வர் ஏன் விழுகிறது என்று தேடாமல் இல்லை. தலையைப் பிய்த்துக்கொண்டு தேடினேன். மெமரியைக் கூட்டினேன். இன்டர்நெட் லைனைச் சந்தேகப்பட்டேன். லாக் என்ற பெயரில் அது எழுதிவைக்கும் ஆயிரக்கணக்கான வரிகளைக் கண் எரியப் படித்தேன். கடைசியில் பார்த்தால், டேட்டாபேஸுடன் பேசுவதற்குச் சர்வர் வைத்திருக்கும் பத்து இணைப்புகளும் தீர்ந்துபோயிருந்தன. கல்யாண வீட்டுப் பந்தியில் பத்தே இலை போட்டிருக்கிறது. உட்கார்ந்த பத்துப் பேரும் சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்கவில்லை. பதினோராவது ஆள் நின்றுகொண்டேதானே இருக்க வேண்டும்? ஆனால் யார் அந்தப் பத்துப் பேர்? ஏன் ஞாயிறு மட்டும்?

விடை போனிலேயே கிடைத்தது. தேவகி பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் மணிச் சத்தம்.

"அது என்னம்மா மணி?"

"கேட்டு பக்கத்துல முனீஸ்வரர் கோயிலு இருக்குல்ல? ஞாயித்துக்கிழமை லோரிக்கு வாரத்தோட முதல் நடை பாருங்க. பழத்தக் கொட்டிட்டு, லோரியக் கழுவி, சாமி முன்னால நிறுத்தி டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கிட்டுத்தான் திரும்ப டிம்பாங்குக்கு வருவாங்க. மலாய்க்கார டிரைவருங்க அந்த நேரத்துல தே தாரேக் குடிக்கப் போயிடுவாங்க."

"சுமையோடவே சாமி கும்பிட்டுட்டு உள்ள போனா என்ன?"

"அழுக்கு வண்டியவா சாமி முன்னால கொண்டு போயி நிறுத்துவாங்க? என்னண்ணே நீங்க, தோட்டத்துல பொறந்த ஆளுதானே?"

தோட்டத்தில் பிறந்த ஆள்தான். அதனால்தான் வெட்கமாக இருந்தது. லோரி பழத்தைக் கொட்டிவிட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பிவிடும் என்று கணக்குப் போட்டு, சீட்டு திறந்ததிலிருந்து மூடும்வரை ஓர் இணைப்பை விடாமல் பிடித்துக்கொள்ளும்படி எழுதியவன் நானேதான். ஞாயிற்றுக்கிழமை பத்து லோரி சாமி வரிசையில் நின்றால் பத்து இணைப்பும் அவர்களோடு நிற்கும். அவர்கள் திரும்பி வந்தாலும் சீட்டைத் தேடி எடுக்க இன்னோர் இணைப்பு வேண்டும். அதற்கும் இடமில்லை. எல்லாம் ஸ்தம்பித்துவிடும்.

திருத்தம் சின்னது. முதல் எடை முடிந்ததும் இணைப்பை விட்டுவிட வேண்டும், இரண்டாம் எடைக்கு மறுபடி எடுத்துக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் எழுதி, சோதித்தும் பார்த்துவிட்டேன். அருமையாக ஓடியது.

ஒரு பட்டனைத் தட்டினால் ஆலையின் சிஸ்டத்துக்குப் போய்விடும்.

நான் தட்டவில்லை.

இன்னும் ஒரே ஒரு ஞாயிறு, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோலாலம்பூரிலிருந்து என்ன ஆயிற்று என்று கேட்டு எழுதினார்கள். 'பயனர் சிஸ்டத்தைக் கையாளும் முறையைக் கண்காணித்து வருகிறோம்' என்று ஒரு வரி பதில் அனுப்பினேன். எவ்வளவு சாதுவான வரி, பாருங்கள்!

அந்த ஞாயிறு விழுந்தது. பேசினோம். இன்னொரு வாரம் என்றேன். அடுத்த ஞாயிறும் விழுந்தது.

அன்றைக்கு அவள் பசியாறினேனா என்று கேட்கவில்லை.

"அண்ணே, கொஞ்சம் சீக்கிரம் போட்டு விடுங்கண்ணே."

"என்னம்மா, குரலே சரியில்ல?"

"மேனேஜர் லெட்டர் குடுத்துட்டாரு. எனக்குச் சிஸ்டம் ஒழுங்கா யூஸ் பண்ணத் தெரியலையாம். கோலாலம்பூர்லேருந்து எழுதியிருக்காங்களாம், யூஸர கண்காணிக்கிறோம்னு. அடுத்த மாசம் மேல் டிவிஷன் ஆபீசுக்கு மாத்தறாராம். அவ்ளோ தூரத்துலேருந்து நான் எப்படிண்ணே மத்தியானம் வீட்டுக்கு வந்து போறது? அவரு வாயில யாரு சோறு வைப்பா?"

அழுதாள். பின்னால் லோரிக்காரர்கள் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

போனை வைத்த கையோடு பட்டனைத் தட்டினேன். நாலே நிமிடம். சிஸ்டம் எழுந்தது. பிறகு விழவே இல்லை. மேனேஜருக்கும் கோலாலம்பூருக்கும் எழுதினேன்: கோளாறு என் புரோகிராமில், கிராணி மீது எந்தத் தவறும் இல்லை, அவர் சொன்ன தகவலால்தான் கண்டுபிடிக்க முடிந்தது. எத்தனை நாளாக எனக்குத் தெரியும் என்பதை மட்டும் எழுதவில்லை. கோழை!

மூன்று நாள் கழித்துத் தேவகி கூப்பிட்டாள். லெட்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்களாம்.

"உங்களாலதான் அண்ணே. நீங்க மட்டும் எழுதலன்னா என் கதி என்னாவுறது? கடவுள் மாதிரி வந்தீங்க."

இதற்கு மேல் எப்படிப் பொறுப்பது? மனிதன் எதையும் தாங்கிக்கொள்வான், தகுதியில்லாத நன்றியைத் தாங்க மாட்டான்.

"தேவகி, எனக்கு ரெண்டு வாரம் முன்னாலேயே தெரியும்மா. சரி பண்ணியும் வச்சிட்டேன். போடாம இருந்தேன்."

"...ஏண்ணே?"

"போட்டுட்டா நீ போன் பண்ண மாட்டியே."

தேவகி மெதுவாகத்தான் சொன்னாள்.

"சிஸ்டம் நின்னா லோரி எடையெல்லாம் கையால எழுதி வச்சிக்கிட்டு, அப்புறம் ஒண்ணொண்ணாத் தட்டணும்ணே. எந்திரிக்கவே முடியாது. அந்த ரெண்டு ஞாயித்துக்கிழமையும் எங்க வீட்டுக்காரருக்கு நான் மூணு மணிக்குத்தான் சோறு ஊட்டுனேன். அவருக்குப் பேச வராது. பசிக்குதுன்னு யாரையும் கூப்பிடவும் முடியாது."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம்.

"லோரி வந்துருச்சு. வச்சிடறேன்."

அதற்குப் பிறகு வந்ததுதான் போன ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்குத் திரையில் பார்த்தேன் — சாமி வரிசையில் நின்ற லோரிகளின் சீட்டுகள் பதினான்கு, அத்தனையும் அமைதியாகத் திறந்து கிடந்தன. இணைப்புகள் போவதும் வருவதுமாக இருந்தன. முப்பது வருடத்தில் நான் எழுதிய எதுவும் இவ்வளவு ஒழுங்காக ஓடியதில்லை. பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. எடைப்பாலத்தில் பத்து நிமிடம் எந்தச் சீட்டும் திறக்கவில்லை. பிறகு மறுபடி திறந்தது. ஏன் என்று எனக்குத் தெரியும்.

ஒரு மணிக்குப் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன். மெல்பர்ன். பேரன் தூங்கிவிட்டானாம், திரையில் அதிசயமாகச் சரசுவின் முகம்.

"என்னங்க, எல்லாம் ஓகேதானே?"

'எல்லாம் ஓகே' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பழக்கம் அல்லவா!

"இல்ல சரசு. என்னால தனியா இருக்க முடியல."

அவள் போனை இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்து என் முகத்தைப் பார்த்தாள். டிக்கெட் போடுவாளா, மாட்டாளா, எனக்குத் தெரியாது. அது அவள் பாடு.

இந்த ஒரு வரியை நான் மூன்று வாரம் முன்னால் சொல்லியிருந்தால், செர்டாங்கில் ஒரு மனிதர் பன்னிரண்டு மணிக்கே சாப்பிட்டிருப்பார்.