சுவருக்கு அந்தப் பக்கத்துக் கல்யாணம்

மார்டள்ளி கிராமத்திலிருந்து கல்யாணமாகி நான் மைசூருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வாரநாட்களில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, ஞாயிற்றுக்கிழமை எங்கள் தமிழ்ச் சபையின் பாடகர் குழுவில் பாட்டு. எங்கள் பெஞ்சு ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. பாடிக்கொண்டே எட்டிப் பார்த்தால் எங்கள் தேவாலயத்தின் சுற்றுச்சுவரும், அதற்கு அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற கன்னட வாத்தியார் ஒருவரின் வீடும் தெரியும்.

அவருக்கும் சபைக்கும் ஆகாது. கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒலிபெருக்கிச் சத்தம் தாங்கவில்லை என்று அவர் போலீசில் சொல்லியிருந்தார். அவர் வீட்டு மாமரத்தின் கிளை எங்கள் ஓடுகளை உடைக்கிறது என்று சபைச் செயலாளர் ஆள் வைத்து வெட்டிவிட்டார். அதன் பிறகு இரு தரப்பும் தெருவில் எதிரே வந்தாலும் வேறு பக்கம் பார்த்துக்கொள்ளும்.

அந்த ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம். ஆடி போலக் கல்யாணம் வைக்காத ஆஷாட மாதம் பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஊரெல்லாம் கல்யாணம் வைத்திருந்ததால் சத்திரம் கிடைக்காமல், வீட்டு முன்னாலேயே பந்தல் போட்டிருந்தார். எங்களுக்கு அழைப்பு இல்லை. ஆனால் நாதஸ்வரம் எங்களை விடவில்லை. முதல் பாட்டிலேயே எங்கள் ஆர்கன் வாசிப்பவர் அந்தத் தாளத்துக்குள் போய்விட்டார். நாங்கள் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தோம்.

வேதபாடம் வாசித்து முடிக்கும்போது மழை பிடித்தது. சாதாரண மழையில்லை. போதகர் பிரசங்கத்துக்கு எழுந்து நின்றபோது, படபடவென்று துணி கிழியும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தேன். பந்தலின் ஒரு பாதி சாய்ந்துவிட்டது. பட்டுப்புடவைக்காரர்கள் வாழையிலையைத் தலையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். சமையல்காரர்கள் அண்டாக்களின் மேல் ஜமக்காளத்தை விரித்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரமாக வாத்தியார் மட்டும் நனைந்தபடி ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் எழுந்துவிட்டேன். ஏன் என்று போதகர் கேட்டார். சொன்னேன். அவரும் இறங்கி வந்து ஜன்னலில் பார்த்தார். பிறகு சபையைப் பார்த்துத் திரும்பினார்.

“இன்னைக்குப் பிரசங்கம் வேண்டாம். நம்ம சபை ஹால் சாவி யார்கிட்ட இருக்கு?”

சாவி செயலாளரிடம்தான் இருந்தது. அவர் எழுந்து நின்று, ஆராதனை பாதியில் நிற்கிறது, நமக்கு ஒரு வார்த்தை சொல்லாதவர் வீட்டு விசேஷம், கமிட்டியைக் கேட்காமல் திறப்பது முறையில்லை என்றெல்லாம் சொன்னார். போதகர் பொறுமையாகக் கேட்டார்.

“கடவுளை நேசின்னு சொன்ன மூச்சுலயே அயலானையும் நேசின்னு சொல்லியிருக்கு, அண்ணா. நமக்கு இவரைவிடக் கிட்டத்து அயலான் யாரு இருக்காங்க?”

செயலாளர் சாவியை எடுத்துக்கொண்டு அவரே முன்னால் நடந்தார்.

போதகர் வெள்ளை அங்கியோடு குடை பிடித்துப் போய் வாத்தியாரை அழைத்தார். நானும் கூடப் போனேன். முகூர்த்தத்தை வீட்டுக் கூடத்தில் வைத்துக்கொள்ளட்டும், ஆட்கள் உட்காரவும் பந்தி போடவும் ஹால் இருக்கிறது என்றார். வாத்தியார் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் மனைவிதான் என் பக்கம் வந்து, கன்னடம் கலந்த தமிழில் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“தப்பா திள்கோபேடம்மா, கோவிச்சுக்காதே. அங்க மாம்சம் சமைப்பீங்களா?”

பொய் சொல்ல மனம் வரவில்லை. “ஈஸ்டருக்குப் பிரியாணி செஞ்சோங்க, அம்மா” என்றேன்.

அந்த அம்மா சமையல்காரரைப் பார்த்தார். அவர் நெற்றித் தண்ணீரை வழித்துவிட்டு, பாத்திரமும் அடுப்பும் நம்முடையது, வராந்தாவில் வைத்துக்கொள்கிறேன், தரையை இவ்வளவு மழை கழுவிவிட்டதே, இதற்கு மேல் என்ன சுத்தம் என்றார். அந்த அம்மா சிரித்துவிட்டார். அத்தோடு விஷயம் முடிந்தது.

அதன் பிறகு நடந்ததை ஆராதனை என்று சொல்வதா, கல்யாணம் என்று சொல்வதா தெரியவில்லை. எங்கள் வாலிபர்கள் அண்டாக்களைச் சுவர் தாண்டித் தூக்கிக் கொடுத்தார்கள். ஞாயிறுப் பள்ளிப் பெஞ்சுகளில் மாப்பிள்ளை வீட்டார் ஈர வேட்டியோடு உட்கார்ந்தார்கள். பாடகர் குழுப் பெண்கள் நாங்கள் கிழவிகளுக்குத் தலை துவட்டிவிட்டோம். வழுக்கி விழுந்து மணிக்கட்டு சுளுக்கிய ஒரு மாமாவுக்கு நான் கட்டுப் போட்டேன். செயலாளர் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தி பந்தியாக ஓடினார். “இன்னும் கொஞ்சம் ஹாக்கட்டா?” என்று அவர் கன்னடம் கலந்து உபசரித்ததை அன்றுதான் கேட்டேன்.

கடைசிப் பந்தியில் எங்களையும் உட்கார வைத்தார்கள். வாத்தியாரே ஒப்பட்டு என்கிற போளியைப் பரிமாறிக்கொண்டு வந்தார். செயலாளர் இலைக்கு வந்ததும் நின்றார். இரண்டு வைத்து, அதன் மேல் நெய்யை நிறைய ஊற்றினார். செயலாளரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

கை கழுவும்போதுதான், ஆசீர்வாதம் கூறி ஆராதனையை முடிக்கவில்லை என்பது போதகருக்கு ஞாபகம் வந்தது. அங்கேயே, இலைகளுக்கு நடுவில், கையை உயர்த்தி ஜெபம் சொன்னார். பெண்ணும் மாப்பிள்ளையும் கழுத்து மாலையோடு வந்து தலை குனிந்து நின்றார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சிறுவயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லி வந்த அந்த அயலான் கட்டளை, சாம்பார் வாசனையோடு அன்றுதான் எனக்குள் இறங்கியது.

அடுத்த வருஷம் எனக்கு முதல் குழந்தை பிறந்தது. என் அம்மாவுக்குக் காய்ச்சல், ஊரிலிருந்து உடனே வர முடியவில்லை. வாத்தியாரின் மனைவிக்கு யார் சொன்னார்களோ, காலையில் மிளகு ரசமும் சூடான சோறும் தூக்கில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் சாப்பிடும்வரை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அதற்குக் கன்னடத்தில் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா வந்து சேர்ந்த பிறகும் அவர் வருவது நிற்கவில்லை.