சளிக்கு ஒரு ஊசி

சென்னை ஏர்போர்ட்டுக்குப் பக்கம், பொழிச்சலூரில் ஒரு சின்ன கிளினிக்கில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். எல்லோரும் நர்ஸ் அக்கா என்று கூப்பிடுவார்கள். நான் முறையாக நர்ஸுக்குப் படித்தவள் இல்லை. பத்தாவது முடித்துவிட்டுத் தாம்பரத்தில் ஒரு வருஷ கோர்ஸ் படித்தேன், அவ்வளவுதான். மீதியெல்லாம் டாக்டர் சொல்லிக் கொடுத்தது. டோக்கன் கொடுப்பேன், பிரஷர் பார்ப்பேன், கட்டுப் போடுவேன், ஊசி போடுவேன். இதில் அதிகம் செய்தது ஊசி போடுவதைத்தான்.

ஐப்பசி பிறந்துவிட்டால் கிளினிக்கில் உட்கார இடம் இருக்காது. சளி, தொண்டை வலி, இருமல், காய்ச்சல். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள் ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி நேராக இங்கேதான் வருவார்கள். முகத்தில் தூக்கமும் காய்ச்சலும் ஒன்றாக இருக்கும். "நாளைக்கு லீவு போட முடியாதுக்கா, ஒரு ஊசி போட்டு அனுப்பு" என்பார்கள்.

பெரிய டாக்டர் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. காய்ச்சலுக்கு ஒன்று, சத்துக்கு ஒன்று என்று சீட்டில் கிறுக்குவார். நான் திரைக்குப் பின்னால் நின்று போடுவேன். சத்து ஊசி மஞ்சளாக இருக்கும். வெறும் வைட்டமின்தான். மருந்துக் குப்பியின் கழுத்தை உடைத்ததும் ஒரு வாசனை வரும். அந்த வாசனை என் புடவையிலேயே ஊறிப் போயிருந்தது. நாலு நாளில் சளி தானாக இறங்கும். டாக்டர் கைராசிக்காரர் என்பார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கையெழுத்துப் போட வரவில்லை. அவர் மகள் கிளினிக்கைப் பார்த்துக்கொள்ள வந்தார். பள்ளிக்கூட யூனிபார்மோடு என் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பெண். நான் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். நாற்காலியில் உட்கார்ந்த அன்றிலிருந்து டாக்டர் என்று மாற்றிக்கொண்டேன். அவர் மட்டும் அக்கா என்பதை மாற்றவில்லை.

வந்த முதல் நாளே சளிக்கு ஊசி கிடையாது என்றார்.

"இது வைரஸ். ஆன்டிபயாடிக் இதுல வேலை செய்யாது. காய்ச்சலுக்கு மாத்திரை போடுங்க, நிறைய தண்ணி குடிங்க, உப்புத் தண்ணியில தொண்டையக் கொப்பளிங்க, ரெஸ்ட் எடுங்க. மூச்சு வாங்கினா, மூணு நாளுக்கு மேல காய்ச்சல் விடலேன்னா உடனே வாங்க."

ஒவ்வொருவருக்கும் இதைப் பொறுமையாகச் சொல்வார். நடுவில் தலைக்கு மேல் விமானம் போனால் நிறுத்திவிட்டு, அது போனதும் முதலிலிருந்து சொல்வார். கேட்டவர் கடைசியில், "அதெல்லாம் சரிம்மா, ஊசி போடுவீங்களா மாட்டீங்களா?" என்பார். அப்புறம் திரும்பி என்னைப் பார்ப்பார்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே என்னிடம் முனகுவார்கள். "இன்னாக்கா, பெரியவரு இருந்தா போட்டிருப்பாரு இல்ல? ரெஸ்ட் எடுன்றாங்க. கம்பெனிக்காரன் இன்னா மாமனா மச்சானா, ரெஸ்ட் குடுக்க?"

கொஞ்ச நாளில் பாதிப் பேர் இரண்டு தெரு தள்ளி இருந்த இன்னொரு கிளினிக்குக்குப் போக ஆரம்பித்தார்கள். அங்கே ஊசி உண்டு.

போன கார்த்திகையில் எனக்கு வந்தது. காலையில் டோக்கன் எழுதிக்கொண்டிருந்தபோதே முதுகில் குளிர் ஓடியது. மத்தியானத்துக்குள் கண்ணைத் திறக்க முடியவில்லை. எலும்பெல்லாம் யாரோ அடித்துப் போட்ட மாதிரி வலி. டாக்டர் தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், விரலில் கிளிப் மாட்டி ஆக்ஸிஜன் பார்த்தார்.

"ஃப்ளூ மாதிரிதான் இருக்கு அக்கா. நெஞ்சு கிளியரா இருக்கு. அஞ்சு நாள் வீட்டுல படுங்க."

"ஒரு ஊசி போட்டுக்கிட்டா நாளைக்கே வந்துடுவேன் டாக்டர்."

"எந்த ஊசி?"

இத்தனை வருஷம் நான் போட்ட ஊசி, அதைப் பேர் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை.

"வீட்டுல மாஸ்க் போட்டுக்கோங்க" என்றார் அவர். "உங்க வீட்டுக்காரருக்கு சுகர் இருக்கு, சிகரெட் வேற. தள்ளிப் படுக்கச் சொல்லுங்க. அவருக்குக் காய்ச்சல் வந்தா அன்னிக்கே இங்க கூட்டிட்டு வாங்க. ஃப்ளூவுக்குன்னு தனி மாத்திரை இருக்கு. அவர் மாதிரி ஆளுக்குத்தான் அது தேவை. முதல் ரெண்டு நாளுக்குள்ள கொடுத்தாதான் நல்லாக் கேட்கும்."

தலையாட்டிவிட்டு வந்தேன். எங்கள் வீடு ஒரே அறையும் சமையலறையும். தள்ளிப் படுக்க எங்கே இருக்கிறது இடம்?

மறுநாள் காலை, என் கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு, மாஸ்க்கைப் போட்டு முந்தானையால் தலையை மூடிக்கொண்டு அந்த இன்னொரு கிளினிக்குக்குப் போனேன். யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்று மூலையில் உட்கார்ந்தேன். அங்கிருந்த டாக்டர் ஒரு நிமிஷம் பார்த்தார். உள்ளே ஒரு பெண் மருந்துக் குப்பியின் கழுத்தை உடைத்தாள். மூக்கு அடைத்திருந்தும் அந்த வாசனை எனக்குத் தெரிந்தது. அது என்ன, எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று எல்லாம் தெரிந்துதான் ஊசிக்குத் திரும்பிப் படுத்தேன்.

வெளியே வந்தபோது உடம்பு தேவலை போலத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். அன்று எழுந்து ரசம் வைத்தேன், துணி துவைத்தேன். மாஸ்க் மூச்சு முட்டுகிறது என்று கழற்றி வைத்துவிட்டேன். என் கணவர் சாப்பிட வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினேன். சாயங்காலம் காய்ச்சல் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வந்தது.

இரண்டு நாள் கழித்து அவருக்கு இருமல் ஆரம்பித்தது. அவர் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவர். பல்லாவரம் பக்கம் கடைகளுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போவார். உடம்பு அனலாகக் கொதித்தது.

"வாங்க, டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம்" என்றேன்.

"அந்தப் பொண்ணா? அது சுடுதண்ணி குடின்னு சொல்லும். ஊசி போடுற எடத்துக்குப் போறேன்."

நான் மறுத்துப் பேசவில்லை. டாக்டர் சொன்னது காதிலேயே இருந்தது. ஆனால் டாக்டர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் ஊசி போட்டுக்கொண்டது எப்படியோ தெரிந்திருக்கும் என்று ஒரு நினைப்பு. என் கணவர் தானே போய்ப் போட்டுக்கொண்டு, வண்டியையும் எடுத்துக்கொண்டு போனார். மறுநாளும் அப்படியே.

நாலாம் நாள் காலையில் செருப்பை மாட்டக் குனிந்தவர் நிமிர முடியாமல் சுவரைப் பிடித்தபடி நின்றார். உதடு மங்கியிருந்தது. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச மூச்சு போதவில்லை. ஆட்டோவில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டு போனேன். டாக்டர் விரலில் கிளிப்பை மாட்டினார். எண்பத்தொன்பது என்று காட்டியது. தொண்ணூற்றைந்துக்குக் கீழே போகக் கூடாது.

"எப்ப ஆரம்பிச்சுது?"

"நாலு நாள் ஆச்சு டாக்டர்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. அரசு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார், சீட்டு எழுதினார், ஆம்புலன்ஸ் வரும்வரை அவரை நிமிர்ந்து உட்காரவைத்து முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்த மாத்திரை இப்பவும் கொடுப்பாங்க அக்கா. லேட்தான். ஆனா கொடுப்பாங்க."

ஆறு நாள் ஆக்ஸிஜன் வைத்தார்கள். அந்த மாத்திரையும் கொடுத்தார்கள், நெஞ்சில் புதிதாகக் கிருமி சேர்ந்திருந்ததால் ஆன்டிபயாடிக்கும் கொடுத்தார்கள். எனக்கு அப்போதும் இருமல் விடவில்லை. வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். கூப்பிட்டால் போவேன், மருந்து வாங்கி வருவேன், திரும்பவும் வந்து உட்காருவேன். அழக்கூடத் தெம்பு இல்லை.

மூன்றாம் நாள் எங்கள் கிளினிக் டாக்டர் பார்க்க வந்தார். உள்ளே போய் வார்டு டாக்டரிடம் பேசிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கண்ணுக்குக் கீழேயும் கறுத்திருந்தது. காலையில் கிளினிக், வீட்டில் படுக்கையில் இருக்கும் அப்பா.

"நான் உங்களுக்குத் தெரியாம அங்க போய் ஊசி போட்டுக்கிட்டேன்" என்றேன். "அவரையும் போக விட்டேன்."

"தெரியும்."

"யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நீங்க போவீங்கன்னு தெரியும்." சுவரில் சாய்ந்துகொண்டார். "எங்கப்பா எனக்குச் சளிக்கு ஒரு தடவகூட ஊசி போட்டதில்ல அக்கா. உங்களுக்குத் தெரியுமா? காய்ச்சல்னா ஸ்கூலுக்கு லீவு. கஞ்சி, மாத்திரை, தூக்கம். அவ்வளவுதான்."

எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணின் சளிக்கு நான் ஒருநாளும் ஊசி எடுத்துக்கொண்டு போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அப்ப எங்களுக்கு மட்டும் ஏன் போட்டாரு?"

"நானும் கேட்டேன். அவங்க வீட்டுக்குப் போய்ப் படுக்கப் போறதில்லம்மா, வேலைக்குப் போகப் போறாங்க, வெறுங்கையா எப்படி அனுப்புறதுன்னாரு." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அது தப்பு. தப்புன்னு அவருக்கும் தெரியும்."

யாரிடம் கோபப்படுவது என்று தெரியவில்லை. கொரோனா நேரத்தில் சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் கதவை மூடியபோது பெரியவர் மட்டும் திறந்து வைத்திருந்தார். அதே கைதான் அந்த மஞ்சள் ஊசியையும் எழுதியது. அவர் எழுதினார், நான் போட்டேன். எத்தனை பேருக்கு என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

ஏழாம் நாள் என் கணவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். சிகரெட்டை அவர் விடவில்லை, சிகரெட்தான் அவரை விட்டது. ஒரு இழுப்பு இழுத்தால் இருமல் நிற்காது. நான் மறுவாரம் வேலைக்குப் போனேன். இந்த வருஷம் மழைக்கு முன்னாலேயே டாக்டர் ஃப்ளூ தடுப்பூசி வரவழைத்தார். சுகர், ஆஸ்துமா இருப்பவர்களுக்கெல்லாம் சொல்லச் சொன்னார். சொன்னேன். "நல்லாத்தானே கீறேன், எதுக்குக்கா ஊசி?" என்று கேட்டார்கள். சிலர் போட்டுக்கொண்டார்கள். என் கணவரை நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

கிளினிக்கில் கூட்டம் பழையபடி வரவில்லை. வருகிறவர்கள் இப்போதும் என்னைத்தான் பார்க்கிறார்கள். சளிக்கு ஏன் ஊசி கிடையாது என்று நானும் என் பங்குக்குச் சொல்கிறேன். சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோகிறது.

என் கணவர் போன தை முடிந்துதான் மறுபடி வண்டியை எடுத்தார். மூட்டை தூக்குவதில்லை, அதற்கு ஆள் வைத்துக்கொள்கிறார். எங்கள் வீடு இரண்டாவது மாடி. முதல் மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, யாருக்கோ காத்திருப்பதுபோல் கொஞ்ச நேரம் நிற்கிறார். நானும் இரண்டு படி கீழே நிற்கிறேன். ஏன் என்று கேட்பதில்லை. அவர் நடக்க ஆரம்பித்ததும் நானும் ஏறுகிறேன்.