ஆறு டப்பாவில் ஆடிக் காற்று

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் மண் பாதுகாப்பு வேலையில் இருந்தேன். ஒரு ஆடி மாதம் நிலக்கோட்டைக்கு மேற்கே ஒரு மல்லிகைத் தோட்டத்தில் ஆறு தகர டப்பாக்களைப் புதைத்தேன். டப்பாவின் வாய் தரைமட்டத்துக்கு இருக்க வேண்டும். ஒரு விரற்கடை உயர்ந்தாலும் கணக்குக் கெட்டுவிடும். ஒவ்வொன்றையும் நான்கு முறை சரிபார்த்தேன். அப்படியும் மனசு ஆறவில்லை.

காய்ந்து கிடந்த ஆற்றிலிருந்து காற்று மணலை வாரித் தோட்டத்தில் இறைத்துக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் அதிகம் விழுகிறது என்று டப்பா மணலை அளந்து நான் சொல்ல வேண்டும். பனையோலைத் தட்டி நாற்பது கெஜத்துக்குத்தான் இருந்தது. ஒரு பக்கத்தை மட்டுமே அடைக்கலாம்.

ஒன்பதாம் நாள் அளந்தேன். வடக்கே மூன்று டப்பாவிலும் சேர்த்து ஏழு படி. தெற்கே மூன்றிலும் சேர்த்து அரைப்படி. வடக்கே அடைக்கலாம் என்றேன்.

தோட்டக்காரர் முகம் சுருங்கிவிட்டது. "தெக்க செடியெல்லாம் முழங்கால் மட்டும் மண்ணுல நிக்குது. இந்த வருசம் பூக்குறதே அந்தப் பத்துப் பாத்திதான். டப்பா பேச்சைக் கேட்டு அதை மணலு மூட விடச் சொல்றீகளா சார்?"

மறுபடி மூன்று முறை அளந்தேன். அதே அரைப்படி.

அவர் மனைவி முறத்தில் வறுத்த நிலக்கடலை கொண்டுவந்தார். இருபத்திரண்டு தின்றேன், ஒன்றுகூடக் கருகவில்லை. எப்படி என்று கேட்டேன்.

"மணலு அப்படி. ஆத்துல அள்ளுனா கல்லு கெடக்கும். இது காத்து சலிச்சுக் குடுத்தது. தெக்க வீட்டுப் பக்கம் மூணு டப்பா வச்சிருக்கீகள்ல, தெனம் காலைல வழிச்சுக்கிடுவேன்."

"அடிப்பாவி, தோட்டத்தையே வறுத்துட்டியே" என்றார் அவர்.

"டப்பா எதுக்குன்னு எங்கிட்ட யாரு சொன்னீக?"

யாரும் சொல்லவில்லை. நானும்தான்.

அடுப்புக்குப் பின்னால் கறுத்துக் கிடந்த மணலை அளந்தேன். பதினொன்றரைப் படி. பக்கத்து வீட்டுக்கு இரண்டு படி கொடுத்திருந்தார். அங்கே போய் அதையும் அளந்தேன்.

"சட்டியில ஒட்டுனதையும் எண்ணிக்கங்க சார்" என்றார் அந்த வீட்டு அம்மா. எண்ணவில்லை. அது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

டப்பாவில் இருந்த அரைப்படியோடு தெற்கே மொத்தம் பதினான்கு படி. வடக்கைப் போல இரண்டு பங்கு. அன்று சாயங்காலமே தெற்கே தட்டி கட்டினோம்.

ஆடி முடிந்து போனபோது தட்டிக்கு வெளியே மணல் முழங்கால் உயரம் குவிந்திருந்தது. உள்ளே பத்துப் பாத்தியிலும் மொட்டு. முதல் பாத்தியில் நூற்று நாற்பது வரை எண்ணினேன். அதற்குள் பறிக்க வந்துவிட்டார்கள்.